கல்லாவில் ஆளை உட்கார வைப்பதற்கு முன்

“அண்ணாச்சி, நல்ல குடும்பத்துப் பையன். வளர்ப்பு அப்படி. கண்ணை மூடிக்கிட்டுக் கல்லாவுல உக்கார வைக்கலாம்.”

வேலைக்கு ஆள் சேர்த்துவிட வருகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். ராஜபாளையத்தில் 38 வருஷமாக மளிகைக் கடை நடத்துகிறேன். 17 பேர் என்னிடம் வேலை பழகியிருக்கிறார்கள். அதில் என் மகனும் ஒருவன். வளர்ப்பைப் பற்றி அவர்கள் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் ‘கண்ணை மூடிக்கிட்டு’ என்ற வார்த்தை என்னை ஒருமுறை குப்புறத் தள்ளியிருக்கிறது.

போன மாதம் புதிதாகக் கடை போட்ட இரண்டு பேர் வந்து, ஆளைப் பழக்குவது எப்படி என்று கேட்டார்கள். டீ குடித்துக்கொண்டே சொன்னதை இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். கடை இல்லாதவர்களும் படிக்கலாம். வீட்டில் வளர்கிற பிள்ளைக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

எடைக்கல்லில் தொடங்குங்கள்

எலக்ட்ரானிக் தராசு வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் வத்தல், புளி மாதிரியான சரக்குக்குப் பழைய தராசையும் இரும்புக் கல்லையும் நான் விடவில்லை. புதுப் பையன் வந்தால் முதல் நாள் 5 கிலோ கல்லைக் கவிழ்த்துப் பார்க்கச் சொல்வேன். அடியில் ஒரு குழி இருக்கும். குழியில் ஈயம் அடைத்திருக்கும். ஈயத்தின் மேல் முத்திரை.

அது எதற்கு என்று கேட்பான். கேட்காவிட்டாலும் சொல்வேன். கல் வார்த்த அன்றைக்குச் சரியான எடைதான். தூக்கித் தூக்கி வைத்ததில் விளிம்பு தேய்கிறது. ஐப்பசி மழையில் துரு ஏறி உதிர்கிறது. யாரும் சுரண்டவில்லை, திருடவில்லை, ஆனாலும் கல் குறைகிறது. 2 வருஷத்துக்கு ஒருமுறை அதைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்பது சட்டம். எடை குறைந்திருந்தால் லைசென்ஸ் உள்ள ஆள் அந்தக் குழியில் இன்னும் கொஞ்சம் ஈயம் சேர்த்துச் சரிசெய்வார். முத்திரை ஆய்வாளர் சோதித்துப் பார்த்து மறுபடி குத்திக் கொடுப்பார். எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம். ‘இது நல்ல பட்டறையில் வார்த்த கல், இதைப் போய்ச் சோதிக்கலாமா’ என்று எந்தக் கடைக்காரரும் கோபித்துக்கொண்டதில்லை.

பையனிடம் இவ்வளவுதான் சொல்வேன். “இந்தக் கடையில் கல்லையும் சோதிப்போம், என்னையும் சோதிப்போம், உன்னையும் சோதிப்போம். சந்தேகம் என்று நினைக்காதே.” முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து எண்ண ஆரம்பித்தால் அது சந்தேகம்தான்.

முதல் மூன்று மாதம் பணத்தைத் தொட விடாதீர்கள்

பொட்டலம் மடிக்கட்டும், மூட்டை பிரிக்கட்டும், துவரம்பருப்பில் கல் பொறுக்கட்டும். அந்த மூன்று மாதத்தில் நீங்கள் அவனைப் பார்ப்பதைவிட அவன் உங்களை அதிகம் பார்ப்பான். நீங்கள் தராசுத் தட்டில் சரக்கை எவ்வளவு உயரத்திலிருந்து போடுகிறீர்கள், முள் நிற்கும்வரை பொறுக்கிறீர்களா, வயசான அம்மாவுக்கு ஒரு நிறுவை, வக்கீல் வீட்டுக்கு ஒரு நிறுவையா, எல்லாம்.

இதில் நான் ஒரு பையனைக் கெடுத்திருக்கிறேன். தீபாவளிக்கு முந்தின வாரம் சர்க்கரை விலை ஏறப் போகிறது என்று தெரிந்தது. பின்கட்டில் 4 மூட்டையை வைத்துக்கொண்டு, கேட்டால் ‘ஸ்டாக் இல்லை’ என்று சொல்லச் சொன்னேன். முதல் ஆளிடம் சொல்லும்போது தடுமாறினான். மூன்றாவது ஆளிடம் முகம் மாறாமல் சொன்னான். ‘பரவாயில்லையே, கெட்டிக்காரன்’ என்று நானே சொன்னேன். ஒரு மாதம் கழித்து பாமாயில் டின் ஒன்று விழுந்து நசுங்கி ஒழுகியது. யாருடா என்றால், “எனக்குத் தெரியாது அண்ணாச்சி” என்றான். அதே முகம். அவனுடைய அம்மா அப்பா கொடுத்து அனுப்பியதா அது? நான் ஒரு வாரத்தில் கொடுத்தது.

பொறி வைக்காதீர்கள்

பழைய கடைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கூட்டுகிற இடத்தில், சாக்குக்கு அடியில் ஒரு நோட்டைத் தெரியாமல் போட்டது மாதிரிப் போட்டு வைப்பார்கள். எடுத்துக் கொடுத்தால் நல்லவன், எடுத்துக்கொண்டால் வெளியே. நானும் 1994இல் ஒரு 50 ரூபாய் நோட்டைப் போட்டுப் பார்த்தேன். பையன் எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தான். நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பில் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மாதக் கடைசியில் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போனவன் திரும்ப வரவில்லை. என்னிடம் இருந்தவர்களில் கணக்கில் அவன்தான் சூட்டிகை.

பொறியில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. என் மகள் மதுரையில் உளவியல் சொல்லிக் கொடுக்கிறாள். அமெரிக்காவில் ஹார்ட்ஷார்ன், மே என்று இரண்டு பேர் 1920களில் 10,000க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்த கதையை ஒருநாள் சொன்னாள். பரீட்சையில் காப்பி அடிக்க வாய்ப்பு, காசு எடுக்க வாய்ப்பு, விளையாட்டில் ஏமாற்ற வாய்ப்பு என்று விதவிதமாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஓரிடத்தில் ஏமாற்றிய பிள்ளை இன்னோரிடத்தில் ஒழுங்காக இருந்திருக்கிறது. இந்தப் பிள்ளை நேர்மை, அந்தப் பிள்ளை மோசம் என்று இரண்டு கூடையில் போட முடியவில்லையாம்.

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை, என் கடைக்கு வந்திருந்தால் போதும் என்றேன். கல்லாவில் ஒரு ரூபாய் தொடாத பையன் முந்திரிப் பருப்பு டப்பாவைத் தாண்டும்போதெல்லாம் இரண்டை வாயில் போட்டுக்கொள்வான். முந்திரியைத் திரும்பிக்கூடப் பார்க்காத இன்னொருவன் லேட்டாக வந்ததற்கு உயிரோடிருக்கிற தாத்தாவை மூன்று முறை சாகடித்தான். அதனால் ஒரே ஒரு சோதனை வைத்து ஆளை முத்திரை குத்தாதீர்கள். எந்த இடத்தில் எவனுக்குக் கை நீளும், எந்த இடத்தில் நாக்கு புரளும் என்று தனித்தனியாகத் தெரிந்துகொள்ளுங்கள். முந்திரிக்காரனைக் கல்லாவில் உட்கார வைத்தேன். முந்திரி டப்பாவை மேல் அலமாரிக்கு ஏற்றினேன். அவன் ஒன்பது வருஷம் இருந்தான்.

அவசர நாளில் புதியவனை உட்கார வைக்காதீர்கள்

பொங்கலுக்கு முந்தின இரண்டு நாள், தீபாவளி வாரம், மாதப் பிறப்பு, இந்த நாட்களில் கல்லாவில் பழைய ஆள்தான். கூட்டத்தில் நல்ல மனுஷனுக்கும் கண் தெரியாது. பாக்கிச் சில்லறை தப்பாகப் போகும், ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று விட்டுவிடுவான், அப்புறம் பார்க்க மாட்டான். இதற்கும் மகளிடம் ஒரு கதை இருந்தது. பிரின்ஸ்டனில் பாதிரியாருக்குப் படிக்கிற மாணவர்களை 1973இல் வெளியான ஓர் ஆய்வுக்காகச் சோதித்திருக்கிறார்கள். அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையைப் பற்றிப் பேசச் சொல்லிக்கூடச் சிலரை அனுப்பினார்கள். வழியில் ஒருவன் முடியாமல் சுருண்டு கிடக்கிறான். நேரம் இருக்கிறது என்று நினைத்துப் போனவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். லேட்டாகிவிட்டது என்று விரட்டி அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம். வேதம் படிக்கிற பிள்ளைகள், பேசப் போவதே உதவியைப் பற்றி. அதையும் தாண்டி நடந்திருக்கிறார்கள்.

ராத்திரி எண்ணிக்கை

முக்கியமான வேலை இதுதான், நிதானமாகப் படியுங்கள். தினமும் ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு, கல்லாவில் இருந்தவனும் நீங்களும் சேர்ந்து எண்ண வேண்டும். நீங்கள் தனியாகவும் வேண்டாம், அவன் தனியாகவும் வேண்டாம். அவன் எண்ணட்டும், வாய்விட்டு எண்ணட்டும், நீங்கள் எழுதுங்கள். நேற்றைய கணக்கை அப்படியே தருகிறேன்.

காலை இருப்பு 2,000. பில் புத்தகப்படி விற்பனை 18,460. அதில் கடன் போனது 1,350, போனில் வந்தது 7,215. ஆக ரொக்க விற்பனை 9,895. பழைய கடன் வரவு 600. லோடுமேன் கூலி 240, டீ வடை 85, ஆகச் செலவு 325. இருக்க வேண்டியது 12,170. எண்ணினால் 12,158. குறைவு 12.

‘குறைவு 12’ என்று எழுதி அவன் கையெழுத்து, என் கையெழுத்து. அவ்வளவுதான். 12 ரூபாய்க்கு விசாரணை கிடையாது. சம்பளத்தில் பிடித்தமும் கிடையாது. பிடித்தம் செய்தால் என்ன ஆகும் தெரியுமா? மறுநாளிலிருந்து குறையவே குறையாது. அடுத்த வாடிக்கையாளரின் பாக்கியில் கை வைத்துச் சரிக்கட்டிவிடுவான்.

அதனால் ‘கூடுதல்’ என்றும் ஒரு பத்தி போடுங்கள். நிறையக் கடைகளில் இது இருக்காது. கல்லாவில் 50 ரூபாய் கூடுதலாக இருந்தால் முதலாளிக்குச் சந்தோஷம். ஆனால் யாரோ ஒரு வீட்டுக்கு 50 ரூபாய் குறைந்திருக்கிறது. கூடுதலைத் தனிக் கவரில் தேதி போட்டு வைப்போம். கேட்டு வந்தால் கொடுப்போம். வராவிட்டால் மாதக் கடைசியில் எதிர்ச் சுவரில் இருக்கிற பிள்ளையார் உண்டியலுக்கு. ஒருமுறை ஒரு டீச்சரம்மா எட்டு நாள் கழித்து வந்து 20 ரூபாய் கேட்டார். கவரை எடுத்துக் கொடுத்தபோது பக்கத்தில் நின்ற பையனின் முகத்தைப் பார்த்தேன். நான் எத்தனை நாள் உபதேசம் செய்திருந்தாலும் அந்த முகம் வந்திருக்காது.

குறைவை அவனாகச் சொன்னால்

“சொன்னதுக்கு நல்லது” என்று சொல்லுங்கள். முதல் வார்த்தை அதுவாக இருக்கட்டும். கற்பூரம் ஏற்றி அடித்துச் சத்தியம் செய்யச் சொல்வது, எல்லோரையும் வரிசையாக நிறுத்திச் சட்டைப் பையைத் தடவுவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். எடுக்காதவன்தான் அன்றைக்கு அழுவான்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லி உண்மை பேச வைக்க முடியுமா என்று 2014இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. பொய் சொன்னதால் மூக்கு நீண்ட பொம்மையின் கதையும், நாம் சொல்கிற ‘புலி வருது’ கதையும் ஒன்றும் செய்யவில்லை. செர்ரி மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டு அப்பாவிடம் பாராட்டு வாங்கிய ஜார்ஜ் வாஷிங்டன் கதையைக் கேட்ட பிள்ளைகள்தான் அதிகமாக உண்மையைச் சொன்னார்கள். இதில் வேடிக்கை, அந்த வாஷிங்டன் கதையே வாழ்க்கை வரலாறு எழுதியவர் கட்டிவிட்டதாம். போகட்டும், வேலை செய்கிறதல்லவா.

சம்பளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1ஆம் தேதி என்றால் 1ஆம் தேதி. தங்கச்சி கல்யாணம், அம்மா ஆபரேஷன் என்று முன்பணம் கேட்டால் முடிந்ததைக் கொடுங்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் வட்டிக்கு வாங்கியவனைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு அவன் வளர்ப்பைக் குறை சொல்லக் கூடாது.

சொந்த மகன்

மேலே எழுதியதை எல்லாம் 16 பேருக்குச் செய்தேன். ஒருவனுக்குச் செய்யவில்லை.

வீட்டில் அவனுக்குக் குறை வைக்கவில்லை. நான் குடிப்பதில்லை. அவன் அம்மா கைநீட்டி அடித்ததில்லை. சனிக்கிழமை தவறாமல் பெருமாள் கோயில். பள்ளியில் படிக்கும்போது புறநானூற்றுப் பாட்டு ஒன்றைத் திண்ணையில் உட்கார்ந்து மனப்பாடம் செய்வான். ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே, சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே.’ பொன்முடியார் பாடியது, 312ஆம் பாட்டு. அந்த இரண்டாவது வரி வரும்போது நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன். என் கடமையை முடித்துவிட்டேன் என்று நினைப்பு.

2020இல் ஊரடங்கு. மளிகைக்கு அனுமதி உண்டு, பையன்கள் ஊரிலிருந்து வர முடியவில்லை. காலேஜ் மூடிக் கிடந்ததால் மகன் கல்லாவில் உட்கார்ந்தான். ராத்திரி அவனே எண்ணிப் பையில் போட்டுக் கொண்டுவந்து தருவான். நான் அப்படியே பீரோவில் வைப்பேன். மகனிடம் எண்ணுவதா? எழுதுவதா? அந்த நோட்டில் ஏழு மாதம் ஒரு கையெழுத்தும் இல்லை.

விருதுநகர் பருப்பு மண்டியிலிருந்து போன் வந்தது. 22,000 பாக்கி நிற்கிறதே அண்ணாச்சி என்றார்கள். கட்டச் சொல்லி மகனிடம் கொடுத்த பணம். சாயங்காலம் கடையில் வைத்துக் கேட்காமல், வீட்டு மொட்டை மாடிக்குக் கூட்டிப் போய்க் கேட்டேன். போனில் ரம்மி. முதலில் 200, 300. விட்டதைப் பிடிக்க 500, 1,000. “22 இல்லப்பா, 63” என்றான். மண்டிப் பணம் மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. மீதி 41,000 கல்லாவிலிருந்து போனது, அதை அவனாகத்தான் சொன்னான்.

எங்கள் வளர்ப்பு எங்கே வேலை செய்தது என்று கேட்டால் அந்த இடத்தைத்தான் காட்டுவேன். எடுக்கும்போது அவன் கையை அது பிடிக்கவில்லை. கேட்டபோது பொய் சொல்ல விடவில்லை. அப்புறம் அவன் ஒன்று கேட்டான். கோபமாகவே கேட்டான். “எல்லாப் பயகிட்டயும் எண்ணுவீங்க. என்கிட்ட ஏம்ப்பா எண்ணவே இல்ல?”

பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்குத் தூக்கம் வராமல் அந்தப் பாட்டைத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது வரியிலிருந்து நான் காது கொடுத்ததே இல்லை. வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனின் கடன். நன்னடை கொடுப்பது வேந்தனின் கடன். கடைசியில்தான் அந்தப் பையனின் கடன் வருகிறது. அது போர்ப் பாட்டு, களத்துக்குப் போகிறவனைப் பற்றியது, கல்லாப்பெட்டிக்காகப் பாடியதில்லை, தெரியும். ஆனாலும் ஒருவனை ஆளாக்க அந்த அம்மாள் ஐந்து பேரைக் கணக்கில் எழுதியிருக்கிறாள். நான் இரண்டு பேரோடு பேரேட்டை மூடிவிட்டேன். வேல் வடித்தது யார் என்று பார்த்தால், ஆன்லைன் கிளாசுக்கென்று 14,000 ரூபாய்க்குப் போன் வாங்கிக் கொடுத்த நான்தான். வேந்தன் கொஞ்சம் தாமதம். ஆன்லைன் ரம்மி மாதிரியான ஆட்டங்களைத் தடுக்க 2020 நவம்பரில் தமிழக அரசு போட்ட அவசரச் சட்டத்தை அடுத்து வந்த சட்டம் 2021இல் உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் ஆட்டங்களுக்கு நாடு முழுவதும் தடை வர 2025 ஆகிவிட்டது.

இப்படி நடந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு, நான் செய்ததைச் சொல்கிறேன். ஊருக்குச் சொல்லவில்லை, அவன் அம்மாவுக்கும் அக்காவுக்கும் சொன்னோம். எடுத்த தொகையை ஞாபகம் இருந்தவரை அவன் கையாலேயே நோட்டில் எழுதச் சொன்னேன். இரண்டு பக்கம் வந்தது. அவனுக்கும் மற்றவர்கள் மாதிரிச் சம்பளம் போட்டு, மாதம் 3,000 கழித்தோம். 21 மாதம் ஆனது. நடுவில் அவன் அம்மா ‘போதுமே, விட்டுடுங்களேன்’ என்றாள். விடவில்லை. கல்லாவை விட்டு அவனை எழுப்பவும் இல்லை. மறுநாள் ராத்திரியே, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அவன் எண்ண, நான் எழுத, இரண்டு கையெழுத்து.

குடும்பத்தைப் பார்த்து ஒதுக்காதீர்கள்

அப்பா பேரில் மூன்று திருட்டு வழக்கு உள்ள ஒரு பையனை, தெருவே வேண்டாம் என்று சொல்லியும் சேர்த்தேன். பெரிய மனசெல்லாம் இல்லை, பொங்கல் நேரத்தில் ஆள் கிடைக்கவில்லை. இரண்டாவது வருஷம் ஒருநாள் ராத்திரி எண்ணும்போது 50 ரூபாய் கூடுதல். “அந்த ஆளு என்னைய அப்பன் பேரைச் சொல்லித் திட்டினாரு அண்ணாச்சி. வேணும்னேதான் பாக்கியைக் குறைச்சுக் கொடுத்தேன்” என்றான். கவரில் போட்டோம். மறுநாள் அவனையே அந்த வீட்டுக்கு அனுப்பினேன். கொடுத்துவிட்டு வந்தான். அந்த ஆள் வாங்கிக்கொண்டு மறுபடியும் திட்டினாராம். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? அந்தப் பையனுக்கு இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் சொந்தக் கடை. என்னிடமிருந்து மூன்று வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டு போய்விட்டான், அது தொழில்.

நோட்டு எது வாங்குவது என்று கேட்டார்கள். நீளவாட்டு 200 பக்கக் கணக்கு நோட்டு போதும். பக்கத்துக்கு நான்கு நாள் எழுதலாம், இரண்டு வருஷத்துக்கு மேல் வரும். தாளைக் கிழிக்காதீர்கள், தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். பென்சில் கூடாது. பழைய நோட்டைக் காகிதக்காரனுக்குப் போடாமல் வைத்திருங்கள். அந்தக் கையெழுத்தில்லாத ஏழு மாதமும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

வருகிற மாதம் எங்கள் கல்லுக்கு 2 வருஷம் முடிகிறது. 5 கிலோவும் 10 கிலோவும் இப்போது என்னால் தூக்க முடியவில்லை. மகனைத்தான் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். 10 கிலோ கல்லில் இந்த முறை கண்டிப்பாக ஈயம் சேர்க்க வேண்டியிருக்கும், ஒரு மூலை உடைந்திருக்கிறது.